நாற்காலியில் தூங்கிய விடியல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்செரிச்சல் எனக்குப் பல வருடத் தொல்லை. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறிவிடும். திண்டுக்கல் டாக்டர் சோதனையெல்லாம் பார்த்துவிட்டு, "மாத்திரையையே தொடரலாம், இல்லேன்னா ஆபரேஷன் செஞ்சுக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். கத்திக்குப் பயந்து மாத்திரையோடு இருந்தேன். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்க முடிந்தது.

மார்கழியில் ஒரு நாள், குளிருக்குத் தலையையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு தூங்கினேன். எங்கள் சனத்தில் இறந்தவர்களையும் அப்படித்தான் தாடையைக் கட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏ அக்கா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே!"

விடிந்ததும் பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பேச்சி, என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கேட்டது. ஆனால் புளிப்பு ஏறித் தொண்டை அடைத்திருந்தது, கை கால் சில்லிட்டிருந்தது. வாசலில் யாரோ, "எப்பப் போச்சு உசுரு?" என்று கேட்டார்கள். அந்தப் பதிலுக்கு நானும் காத்திருந்தேன்.

பிறகுதான் இருமல் வந்தது. பேச்சி அலறிப் பின்னால் விழுந்தாள். "அடிப்பாவி, இருக்கியா! அம்புட்டு அழுகையும் வீணாப் போச்சே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரிடம் போய், "ஆபரேஷனே செஞ்சிருங்கய்யா. உக்காந்திருக்குறது செத்த பிறகு இருக்கட்டும்" என்றேன்.

இப்போது படுத்துத்தான் தூங்குகிறேன். ஆனால் விழிப்பு வந்தாலும், யாரும் அழவில்லை என்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறக்கிறேன்.

வைத்திய விவரத்தில் நான் எதையாவது மாற்றி எழுதியிருந்தால், தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.