என் தூக்கத்தைப் பற்றி அவர் சொன்ன பதில்

முடக்குவாதம் பெண்களின் ஹார்மோனையும் அன்றாட வாழ்க்கையையும் என்ன செய்கிறது என்று பொத்தேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆராய்ச்சி. நானும் பெயர் கொடுத்திருந்தேன். இன்று காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த பிறகு, ஒரு பெண் கேள்வித்தாளோடு எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, போன மாசம் தூக்கம் எப்படி?”

“நல்லா தூங்குவாம்மா,” என்றார் என் கணவர்.

விடிய விடிய நான் விரல்களை நீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தன் குறட்டைக்கு நடுவே அவர் கவனித்திருக்கிறார் போலும்.

“வலி?”

“மாத்திரை போட்டா அவளுக்குச் சரியாயிடும்.”

“குழந்தையைத் தூக்க சிரமமா இருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா. நல்லாவே தூக்குவா.”

எங்கள் பத்து மாதப் பையன் அப்போது அவர் மடியில்தான் இருந்தான். மணிக்கட்டு வலி தாங்காமல், வண்டியை விட்டு இறங்குமுன் என் மடியிலிருந்து நான்தான் கொடுத்தேன்.

‘சிரமமில்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

“அதை மாத்திடும்மா,” என்றேன். “கை நழுவிடுமோன்னு பயந்து, ரெண்டு வாரமா அவனை நின்னுகிட்டுத் தூக்குறதே இல்ல.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே?” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லையே.”

நல்லவேளை, ரத்தத்தை மட்டும் என்னிடமே எடுத்தார்கள்.

தோழிகளே, நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? தெரியாவிட்டால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.