எல்லாருக்கும் முதல் வரிசை

நர்ஸ் சொன்னதில் பாதிதான் டாக்டருக்குக் கேட்டது.

உத்தமபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே நர்ஸுகளும் டாக்டர்களும் வைஃபை போனில்தான் பேசிக்கொள்வார்கள். மாடி வார்டில், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த கோம்பை விவசாயி ஒருவருக்குத் திடீரென மூச்சுத் திணறியது. நர்ஸ் ரஹ்மத் டாக்டரைக் கூப்பிட்டார். பேச்சு துண்டு துண்டாகப் போனது. போனைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடி, டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். விவசாயி பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் தேனியிலிருந்து என்னை வரவழைத்தார்கள். நெட்வொர்க் வேலையில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. போகிற இடத்திலெல்லாம் முதலில் கிடைப்பது திட்டுதான்.

"என்னத்தப் பாத்தீக? இன்னும் ரெண்டு வைஃபை பெட்டிய வாங்கி மாட்டுங்க, சரியாப் போயிரும்," என்றார் மேனேஜர்.

பெட்டிகள் போதுமானவைதான். அவற்றையெல்லாம் ஓரிடத்திலிருந்து இயக்கும் கன்ட்ரோலரை லேப்டாப்பில் திறந்தேன். வைஃபையில் நான்கு வரிசைகள் உண்டு. குரலுக்கு முதல் வரிசை, வீடியோவுக்கு அடுத்தது, சாதாரண வேலைக்கு மூன்றாவது, பேக்கப் போன்றவற்றுக்குக் கடைசி. ஃபைல் கொஞ்சம் தாமதமாக வந்தால் குடி முழுகிப்போகாது. குரல் தாமதித்தால் பேச்சே உடைந்துவிடும். அதனால்தான் குரலுக்குக் காத்திருப்பு குறைவு.

அங்கே கேமரா, பில்லிங், ஸ்கேன் படம், பெரிய டாக்டர் அறை டிவி எல்லாமே குரல் வரிசையில் இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தப் பார்த்தால் சிக்னல்கள் மோதிக்கொள்ளும். நர்ஸுகளின் போனுக்கு வழியே இல்லை.

"டிவிய இறக்குனா பெரிய டாக்டர் கோவிப்பாகளே," என்று மேனேஜர் இழுத்தார்.

பக்கத்தில் நின்ற ரஹ்மத் குரலை உயர்த்தாமல் கேட்டார். "அடுத்த தடவ நான் ஓடி வர்றதுக்குள்ள ஆள் போயிட்டா, அவுக வீட்டுக்கு யார் சார் பதில் சொல்றது?"

மேனேஜர் ஒத்துக்கொண்டார். "செய்யுங்க. ஆனா நோயாளி கூட வர்ற வெளியாளுக வைஃபையக் கடைசில தள்ளிருங்க. சும்மா ரீல்ஸ்தான பாக்குறாக."

போனை மட்டும் முதல் வரிசையில் விட்டேன். மற்றதையெல்லாம் அதனதன் வரிசைக்கு இறக்கினேன். அவர் சொன்னபடி வெளியாட்களையும் கடைசியில் போட்டேன். வார்டிலிருந்து ரஹ்மத் பேசிக் காட்டினார். குரல் தெளிவாகக் கேட்டது.

பையை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அந்த விவசாயியின் மனைவி மருத்துவமனை வைஃபையில் வீடியோ கால் போட்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றிருந்தார். துபாயில் இருக்கும் மகனின் படம் அப்படியே உறைந்துபோயிருந்தது.

"ஏன் தம்பி, இம்புட்டு நேரம் நல்லாத்தான இருந்துச்சு? அப்பா கண்ணத் தொறந்துட்டாகன்னு அவனுக்குக் காட்டணும். சொன்னா நம்ப மாட்டேங்குறான்."

கால் வலித்தது. பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது. திரும்பிப் போய் மேனேஜர் முன் உட்கார்ந்தேன்.

"கடைசி வரிசைல பேக்கப் மட்டும் இருக்கட்டும். வெளியாளுகள பில்லிங் கூடவே மூணாவது வரிசைல விடுறேன். நர்ஸுக போனுக்கு ஒண்ணும் ஆகாது."

"என்னமும் பண்ணுங்க," என்றார் அலுப்போடு.

மாற்றிவிட்டு வந்து பார்த்தேன். அந்த அம்மா கட்டிலருகே போனை நீட்டிக்கொண்டிருந்தார். படுத்திருந்தவர் கையை லேசாக உயர்த்தினார். போனுக்குள் மகன், "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டிருந்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் வரிசை யாருக்கு என்பதைச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கடைசி வரிசைக்கு யாரைத் தள்ளுகிறோம் என்பதை நாமே நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.