சரித்திரத்திலிருந்து ரசாயனத்துக்கு

எங்கள் அப்பா எனக்குக் கொடுத்தது இரண்டே வருஷம். சேலத்தில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு எருமப்பட்டிக்குத் திரும்பிக் காடு கழனியைப் பார்க்க வேண்டும் என்பது பேச்சு. வீட்டுக்கு ஒரே பையன். அவரையும் குறை சொல்ல முடியாது. எனக்கோ மாட்டு வைத்தியம் படிக்க ஆசை. முந்தின வருஷம் வெக்கை நோய் வந்து எங்கள் கட்டுத்தரையில் ஒரு மாடுகூட மிஞ்சவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை.

இத்தனை ஆசை இருந்தவன் கல்லூரியில் சரித்திரமும் தர்க்கமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இண்டர் தேறினால் போதும், எந்தப் பாடமானால் என்ன என்று நினைப்பு. விடுதியில் என் அறையில் இருந்த மேச்சேரிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் அண்ணன் சென்னையில் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, இண்டருக்கு எப்படியும் மூணு பாடம் எடுத்தே ஆகோணும். அதையே பௌதிகம், ரசாயனம், இயற்கை விஞ்ஞானம்னு எடுத்தா இண்டருக்கும் ஆச்சு, அங்க சேரவும் ஆச்சு. சரித்திரத்தை வெச்சுக்கிட்டுப் போனா, மறுபடி மொதல்லருந்து படிச்சுட்டு வான்னுருவாங்க."

மறுபடி படிக்க வருஷம் ஏது? நல்லவேளை, பாடம் மாற்ற இன்னும் அவகாசம் இருந்தது. ஆனால் அப்பா நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை ஊருக்குப் போய்ச் சொன்னேன். மேல்படிப்பைப் பிறகு பார்க்கலாம், பாடத்தை மட்டும் இப்போது மாற்றிக்கொள்கிறேன், அது இண்டருக்கும் மாட்டு வைத்தியத்துக்கும் சேர்த்தே செல்லும் என்றேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்! ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் காட்டுவதாவது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கெடாயை ரெண்டு கோயிலுக்கு நேந்துக்கறவன் உருப்படுவானா சாமி? நம்ம ஊட்டுல அந்தப் பழக்கமே இல்லை."

நேர்த்தி விஷயத்தில் அவர் அப்படித்தான். நேர்ந்துவிட்ட கிடாய்மேல், கலெக்டரே விருந்துக்கு வந்தாலும் கை வைக்க விடமாட்டார். அவரிடம் கல்லூரி விதியை விளக்கினால் ஏறுமா? எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, இவனுக்குக் காது குத்துனப்பவே கொலசாமி வேண்டுதலையும் சேத்துத்தானுங்க தீத்தோம்? ஒரே கெடாதான வெட்டுனீங்க. அன்னைக்கு ஆரை ஏமாத்துனீங்க?"

அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு, "மோரு ஊத்து" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை என்னோடு சேலம் வந்தார். "ரெண்டுக்கும் செல்லுமுங்களா?" என்று கல்லூரி முதல்வரிடமே கேட்டார். செல்லும் என்று அவர் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். அன்று மத்தியானமே நான் ரசாயன வகுப்புக்கு மாறினேன்.

சாயங்காலம் நாமக்கல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, "மாட்டு வைத்தியம் எத்தினி வருசம் சாமி?" என்றார். நான் சொல்லாமல் விட்ட சங்கதி அது.

"மூணு வருசமுங்கப்பா" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் வந்து, அவர் படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினார். "கெழக்கால காட்டைக் குத்தகைக்கு உட்டுர்றேன். ஒண்டியா எல்லாத்தையும் ஓட்ட முடியாது. நீ படி. நான் வாரேன்."

அந்தக் காட்டில் அதுவரை வேறொருவரை ஏர் பூட்ட விடாத மனுஷன். பஸ் போன பிறகு நடுத்தெருவில் நின்று அழுதேன்.