பல்பைச் சுற்றி ஒரு வளையம்

சமையலறை பல்பை அவர் துடைப்பது அந்த வாரத்தில் மூன்றாவது முறை. முக்காலி மேல் நின்று, பழைய பனியன் துணியால், குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துடைத்தார்.

"பல்புக்கு இவ்வளவு உபசாரம். அந்த ஜன்னல் கம்பி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

இறங்கி வந்து சுவிட்சைப் போட்டார். வளையம் போகவில்லை. உள்ளே நீலம், வெளியே சிவப்பு.

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். முப்பட்டகங்களைத் துடைத்து அடுக்குவதும், இருட்டறைத் திரையை இழுத்துவிடுவதும் அவர் வேலை. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அவரே ஒரு வித்தை காட்டுவார். கண்ணாடித் துண்டில் வாயால் ஊதி, அதன் வழியாக விளக்கைப் பார்க்கச் சொல்வார். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். "விளக்குல ஒண்ணும் இல்ல கண்ணுங்களா. நடுவுல இருக்கிற பொடி ஈரத்துளிதான் வெளிச்சத்தைச் சிதறடிக்குது" என்பார்.

அதே மனிதர்தான் மூன்று நாளாக பல்பைத் துடைக்கிறார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பல்பு மங்கியது, வளையம் அப்படியே நின்றது. நடுவில் இனித் துடைக்க எதுவும் இல்லை, கண்ணைத் தவிர.

அவருடைய அப்பா ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "விளக்கு பூத்திருக்குடா, சுத்தி வளையம் வளையமா" என்றார். வீடே சிரித்தது, இவர்தான் அதிகம் சிரித்தார். இரண்டே வருடத்தில் அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

"இங்க பாரு," என்றார். "பல்பைச் சுத்தி உனக்கு ஏதாவது தெரியுதா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஒரு பூச்சி சுத்துது."

"வேற?"

"வேற என்ன தெரியணும்?" என்றவள், அவர் கையிலிருந்த மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். வெங்காயம் உரித்த கை நின்றது. "மாமாவும் இப்படித்தானே கேட்டாரு, என்கிட்ட."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"கண்ணு அசந்திருக்கும். பரீட்சை நேரம், ஓயாம அளவுகோல் பார்க்கிறேன்."

"அந்தக் கதையெல்லாம் உங்க பேராசிரியருக்குச் சொல்லுங்க. அப்பவும் நாள் தள்ளித் தள்ளித்தான் மாமாவுக்குக் கண்ணு போச்சு. காலையில கண் டாக்டர்கிட்ட போறோமா, இல்லையா?"

அவர் துணியை நான்காக மடித்தார். முக்காலியைத் தூக்கினார். நிலைப்படியில் அதன் கால் இடித்தது. ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு வெளியே போனார்.