பாடு நாள் நண்டு

கூலிக்கு வலை இழுத்த கையால் நான் இரண்டு ஃபைபர் படகு வாங்கினேன், ஐஸ் கம்பெனி வைத்தேன், பழவேற்காட்டில் மாடி வீடு கட்டினேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் என்று சிரித்தவர்கள் இன்று என்னிடம்தான் ஐஸ் வாங்குகிறார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கே என் மகள், சென்னைக் கண்காட்சிக்கு வரைந்த படம் ஒன்றைக் காட்டிப் பாடம் நடத்தினாள்.

படத்தில் சட்டையில்லாத ஒருவர் தனியாக நண்டு தின்கிறார். சுற்றிலும் ஓடுகள், கவிழ்ந்த கிளாஸ். கண்கள் மூடியிருக்கின்றன.

"இன்னா நைனா, புரியுதா? தின்னு தின்னே அழியறவன். கண்ணு மூடியிருந்தா சாவுன்னு அர்த்தம். பேரு 'பேராசை'" என்றாள்.

எனக்கோ நான் பிறந்த ஊரான பசியாவரத்து வீட்டின் மிளகு நண்டு வாசனை வந்தது. பழவேற்காடு ஏரியில் இன்ன நாள் இன்ன குடும்பம் வலை போடலாம் என்று ஊரில் முறை வைப்பார்கள். அதைப் பாடு என்போம். எங்கள் பாடு நாளில் மட்டும் என் நைனா பெரிய சினை நண்டுகளை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். மற்ற நாளெல்லாம் பொடிமீன்தான். முதல் வாயிலேயே அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"சத்தம் போடாதீங்கடா, உங்க நைனாவுக்கு சாமி எறங்கியிருக்கு" என்பாள் அம்மா. நாங்கள் மூச்சடக்கிப் பார்ப்போம்.

"தினமும் துன்றவன் கண்ண மூட மாட்டாம்மா" என்றேன். "பாடு வர்ற வரைக்கும் காத்துக் கெடந்தவன்தான் மூடுவான். எங்க நைனாவ பேராசைன்னு சொல்லாத."

மகள் தூரிகையை எடுத்தாள். பிறகு பெயரை அழித்து, 'பாடு நாள்' என்று எழுதினாள்.

சென்னைக் கண்காட்சிக்கு அது போகட்டும். ஆனால் படத்தின் கீழே, அர்த்தம் சொன்னது அப்பன் என்று என் பெயரும் இருக்க வேண்டும்.