இரண்டாவது அகப்பை

ஒஸ்லோவில், படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கபே இருந்தது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் என் கால் தானாக மெதுவாகிவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் ஆண்டுகள் அவை. கபேயில் ஐந்தாறு மேசைகள்தான். மத்தியானத்தில் சூப்பும் ஒரு துண்டுப் பாணும் மட்டும்தான் சாப்பாடு. பெரும்பாலும் மீன் சூப். பாலாடை விட்டு, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டு, வெள்ளையாக, கட்டியாக இருக்கும். உறைப்பு மருந்துக்கும் இல்லை. மழைக்கால மத்தியானத்தில் வெளியே மங்கலாகக் கிடக்கும்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு மெழுகுதிரி எரியும். சாளரக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். படகில் வேலை செய்பவர்கள் கனத்த சப்பாத்துகளோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டுப் போவார்கள். பேசத் தேவையில்லாத இடம் என்பதால்தான் எனக்கு அது பிடித்துப்போனது.

நானும் என் கூட்டாளியும் பக்கத்துக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தோம். அவன் மன்னார்க்காரன், கத்தோலிக்கன். அதற்கு முன்னர் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர்கள் நாங்கள். விடியமுன் தொடங்கும் வேலை முடிந்ததும் நேரே கபேக்குத்தான் போவோம்.

"மெழுகுதிரியைப் பாத்தா கோயிலுக்குள்ளை இருந்து சாப்பிடுற மாதிரி இருக்கடா மச்சான்," என்பான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பிலிம் றோல் டப்பியை எடுப்பான். அதற்குள் மிளகாய்த்தூள் இருக்கும்.

கபேயை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். சமைப்பதும் பரிமாறுவதும் அவரே. வடக்கிலிருந்து வந்தவர். எனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வீஜிய மொழியும் ஹம்மர்பெஸ்டில் படித்தது என்பதால், நான் வாய் திறந்த முதல் நாளே சிரித்துவிட்டார். "என் மாமா கதைப்பது போலவே இருக்கிறது," என்றார்.

முதல் கோப்பை முடிகிற நேரம் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். இரண்டாவது அகப்பைக்குத் தனிக் காசு இல்லை, முதலாவதோடு சேர்த்தி. என்னிடம் வந்து, "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டார். "நை, தக்," வேண்டாம், நன்றி என்றேன். எனக்கு நல்ல பசி. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

கூட்டாளி, அவர் கிட்ட வரமுன்னமே கோப்பையைத் தூக்கி நீட்டுகிறவன். என்னைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீ என்ன, கலியாண வீட்டுப் பந்தியிலையோ இருக்கிறாய்? இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். ரெண்டாந்தரம் கேட்டா அது ஆக்கினை எண்டு நினைப்பினம்."

"கேட்ட உடன ஓம் எண்டு சொல்ல ஒரு மாதிரி இருக்கடா."

"அப்ப பசியோட இரு!"

இருந்தேன். அந்தப் பழக்கத்தை என்னால் மாற்ற முடியவில்லை.

அந்தப் பனிக்காலத்தில், மாத முடிவோடு எங்கள் துப்புரவு வேலை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். கூட்டாளி லோறென்ஸ்கூக்கில் ஒரு களஞ்சியத்தில் இடம் பிடித்துவிட்டான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, புதிய இடத்தில் போய் நின்று, நான் இன்னார், எனக்கு இது தெரியும் என்று சொல்வதே மலையைப் போல இருந்தது. வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தது. மனைவியின் வேலை பாதிநாள்தான்.

ஒருநாள் தனியே இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, கபேக்காரப் பெண் முதன்முறையாக என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"சமையலறைக்கு ஓர் ஆள் வேண்டும். மீன் வெட்டத் தெரிந்த ஆள். நீ வருகிறாயா?"

நெஞ்சு ஒருமுறை துள்ளியது. வாய் மட்டும் தன் பாட்டில், "நை, நை," என்றது. தலையும் கூடச் சேர்ந்து ஆடியது.

"சரி, பரவாயில்லை," என்றார். எழுந்து, பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுக் குசினியில் மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாமெண்டோ சொன்னனீங்கள்? விருப்பமில்லையோ?"

"விருப்பந்தான்."

"பிறகு ஏன்? மரியாதைக்கோ?"

"ஓம்."

"நல்ல மரியாதை! இஞ்சருங்கோ, அந்த மனிசிக்கு உங்கட மனசுக்குள்ளை இருக்கிறது எப்பிடித் தெரியும்? நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் வந்து சொல்லுவன்."

அவள் வந்து சொல்லியும் விடுவாள். அந்தப் பயமும் எனக்கு இருந்தது.

மறுநாள் கபேக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். சமையலறைக்கு ஆள் தேவை. எனக்குப் பின்னால் வந்த ஒருவரும் நின்று அதை வாசித்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. என்ன நினைத்தேனோ தெரியாது, கடதாசியை ஒட்டுநாடாவோடு உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அது கதவில் இருக்க வேண்டியது," என்றார் அவர், அகப்பையோடு.

"இனித் தேவையில்லை," என்றேன்.

"நேற்று வேண்டாம் என்றாயே?"

கபே முழுக்க என்னைப் பார்ப்பது போல இருந்தது. அந்த மொழியில் அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "எங்கள் ஆட்கள் முதல்தரம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் திரும்பவும் கேட்க வேண்டும்."

"எத்தனை தரம்?"

"மூன்று."

அவர் அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தார். "இது இரண்டாவது. வருகிறாயா?"

"யா," என்றேன். மூன்றாவதுக்கு நான் விடவில்லை.

அந்தச் சமையலறையில் எனக்குப் பல நல்ல வருடங்கள் போயின. கொட் மீனின் முள்ளை எடுத்து, தலையை வேகவைத்து இறக்கினால், அந்த வாசம் மாலையில் வீட்டுக்கும் என்னோடு வரும். சூப்பில் உறைப்பு இல்லை என்ற குறையும் ஒருநாள் போய்விட்டது. எந்த நாள் என்று தெரியாது. பிறகு பிறகு பானையை மேசைகளுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் என் வேலையானது.

ஒருநாள் லோறென்ஸ்கூக்கிலிருந்து கூட்டாளி வந்தான். புது வீடு வாங்கியிருந்தான். பழைய மேசையிலேயே இருந்தான். முதல் கோப்பை முடிந்ததும் பானையோடு கிட்டப் போனேன். வழக்கமாகக் கோப்பையைத் தூக்கி நீட்டுகிறவன், அன்றைக்கு இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டான்.

"போதும் மச்சான், வேண்டாம்."

இப்போது அது என் இடம் அல்லவா. நான் அவன் கையை விலக்கிவிட்டு, அகப்பை நிறைய வார்த்தேன். அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கபேக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் வேண்டாம் என்றாரே?"

"ஒருதரம்தான் சொன்னார்," என்றேன்.

கூட்டாளி தலை நிமிராமல் குடித்தான். மூன்றாவது அகப்பைக்கு நான் குனிந்தபோது, "ஐயோ, காணும், போதும்," என்று சொல்லிக்கொண்டே கோப்பையைக் கொஞ்சம் என் பக்கமாகத் தள்ளினான்.