மேற்கே ஒரு கிலோமீட்டர்

அம்மாவுக்கென்று இந்த உலகத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, பனியன் கம்பெனி வேனில். வேலம்பாளையத்தில் எங்கள் தெருமுனையில்தான் வேன் முதலில் நிற்கும். காலையில் முதல் ஆளாக ஏறுவாள், சாயங்காலம் கடைசி ஆளாக இறங்குவாள்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் யாராவது தினமும் போகும் பாதையை, ஓர் அளவு வைத்துக்கொண்டு அம்புகளாக வரைய வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேராக ஓர் அம்பு இழுத்தால் அதுதான் இடப்பெயர்ச்சி.

"நீ பள்ளிக்கோடம் போற வழிய வரையக் கூடாதா கண்ணு?" என்றாள் அம்மா. அது ஒரே நேர் ரோடு. அதில் வரைய என்ன இருக்கிறது? பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை நானும் வேனில் ஏறிவிட்டேன்.

"ஏனக்கா, இன்னிக்குப் புள்ளையையும் கூட்டியாந்துட்டீங்க? அந்த ஜன்னல் சீட்டுல நாங்க உக்காந்தா மட்டும் மூஞ்சியத் தூக்கிக்கறீங்க!" அடுத்த ஊரில் ஏறிய ஒருத்தி வம்புக்கிழுத்தாள்.

டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "அது அக்கா பேருக்குப் பட்டாவான எடமுங்க."

வேனே சிரித்தது. அம்மாவும் பல் தெரியச் சிரித்தாள். பிறகு தலையை ஜன்னலில் சாய்த்து, காற்றுக்குக் கண்ணை மூடி, கைகளை மடியில் சும்மா போட்டுக்கொண்டாள். அந்தக் கைகள் சும்மா கிடந்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. அங்கேயும் கண்டேனா? டிரைவரின் தோளுக்கு மேலாக எட்டி, மீட்டரில் ஓடும் கிலோமீட்டர் எண்களையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடக்கே மூன்று, மேற்கே நான்கு, தெற்கே மூன்று, திரும்பக் கிழக்கே மூன்று. ஊர் ஊராக ஆளெடுத்துக்கொண்டு போகிற சுற்று. ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் என்று தொடங்கியபோது முதல் அம்பே தாளைவிட்டு ஓடியது. அரைக் கிலோமீட்டர் என்று மாற்றினேன். அத்தனை ஊரும் அத்தனை காற்றும் சுருண்டு ஒரே தாளுக்குள் படுத்துக்கொண்டன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தேன். இரண்டே சென்டிமீட்டர்.

அப்பா வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைப்பவர். தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, குட்டி அம்பு?"

"அதுதாங்கப்பா அம்மா கம்பெனி. மேற்கே ஒரே கிலோமீட்டர்."

கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து அதைத் தொலைவென்றுதான் நினைத்திருந்தோம். அதன் வாசல் அந்தப்பக்க ரோட்டில். எங்கள் பக்கம் ஓடையும் வேலிக்காத்தான் முள்ளும். அப்பா அம்பை விரலால் அளந்தார். "இத்துனூண்டுக்கா தெனமும் ஊரைச் சுத்தறா?"

ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு போய் முள்ளை வெட்டித் தடம் போட்டார். "இனி வேன் வேண்டாம். நடந்தா கால் மணி நேரம். மிச்ச நேரத்துல நம்ம தெச்ச பீசுக்குப் பிசிறு வெட்டலாம்."

"ஓடையில தண்ணி வந்தா என்னங்க பண்றது?" அம்மா வைத்த வாதம் அது ஒன்றுதான்.

அந்த வருடம் மழையே பெய்யவில்லை.

கணக்கு சரியாக வந்திருந்தது. எங்கள் வீட்டில் கணக்குகள் எப்போதும் சரியாகத்தான் வந்தன. யாருக்குச் சரி என்று ஒருவரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை வேன் ஹாரன் அடித்தது. அப்பா கைகாட்டி அனுப்பிவிட்டார். துணிக்கட்டுகளுக்கு நடுவே குனிந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தரி, வேன் சத்தம் தேயும்வரை நின்றது. பிறகு ஓடத் தொடங்கியது.

வழி காட்டுகிறேன் என்று அன்று அவளோடு நான்தான் போனேன். ஓடையில் இறங்கும்போது சொன்னாள்:

"எனக்கு வழி தெரியும் சாமி. கம்பெனி மாடியில டீ குடிக்கறப்ப நம்மூட்டு ஓடு தெரியும். மொத நாளே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா இத்தனை நாளாச் சுத்திட்டிருந்தே?"

அம்மா சேலையில் மாட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பாவம், அம்மாவுக்குப் புரியவில்லை என்று எனக்கு இரக்கம்கூட வந்தது. ஒரு குச்சியை எடுத்து, ஓடை மணலில் அந்தப் பெரிய சுற்றை வரைந்து, அதை மூடுகிற சின்ன அம்பையும் போட்டுக் காட்டினேன்.

"பாரும்மா, எத்தனை நேரம் வீணாப் போயிருக்கு!"

அவள் அந்தப் பெரிய சுற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்பு இங்கேயல்லவா இருக்கிறது, எதற்காக அதைப் பார்க்கிறாள் என்று, குச்சியால் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன்.